கரையான்சாவடி மாவு மிஷின் வழக்கு

குடியிருப்பவரைக் காலி செய்ய வேண்டுமென்றால் பூந்தமல்லியில் எல்லோரும் வக்கீல் மணவாளனைத்தான் கைகாட்டுவார்கள். அவர் மனு எழுதினால் போன வருஷம் கட்டிய வீடுகூடப் பாழடைந்துவிடும். ‘உயிருக்கு ஆபத்தான நிலையில்’ என்ற வார்த்தைகளை அவருடைய டைப்பிஸ்ட் அவர் சொல்லாமலே அடித்துவிடுவார்.

எண்பத்தொன்பதாம் வருஷம் கஜபதி அவரிடம் வந்தார். கரையான்சாவடி மெயின் ரோட்டில் கஜபதிக்கு ஓர் ஓட்டுக் கட்டடம். அதை வாடகைக்கு எடுத்துக் கன்னியம்மா மாவு மிஷின் நடத்திவந்தாள். இடித்துவிட்டு மாடியோடு கடைகள் கட்ட கஜபதிக்கு ஆசை. கட்டடம் பழுது, இடித்தே தீர வேண்டும் என்று நிரூபித்தால் சட்டத்தில் வழி உண்டு.

“சொவரு நல்லாத்தான் சார் கீது. எங்க நைனா கட்னது.”

“நல்லா இருக்கறத நல்லா இல்லாம பண்ண முடியாதா? கடப்பாரை இல்லையா உங்ககிட்ட?” என்றார் மணவாளன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிஷின் பூட்டியிருந்தபோது, கஜபதி ஆள் வைத்துப் பின்சுவரை வெளிப்புறமாகக் கொத்தவிட்டார். வழக்குப் போட்டாயிற்று. கட்டடத்தைப் பார்வையிட்டு அறிக்கை தர, கோர்ட் வனஜா என்ற இளம் வக்கீலைக் கமிஷனராக நியமித்தது.

ஐப்பசியில் ஒரு காலை அவள் வந்தாள். கன்னியம்மாவின் வக்கீலுக்கு அன்று திருவள்ளூரில் வேறு கேஸ். மணவாளன் ரோட்டோரம் நின்றுகொண்டு வனஜாவைத் தடுத்தார்.

“உள்ள போகாதீங்கம்மா. எந்த நிமிஷமும் விழும். நான் சொல்றேன், இங்கேருந்தே எழுதிக்குங்க.”

வனஜா நேராகப் பின்பக்கம் போனாள். கொத்திய செங்கல் புத்தம்புதிதாகச் சிவந்திருந்தது. சில்லுகளைக்கூட யாரும் பெருக்கவில்லை. எழுதிக்கொண்டு மிஷினுக்குள் நுழைந்தாள். அரிசித் தூக்கோடு நான்கைந்து பெண்கள் காத்திருந்தார்கள். பெல்ட் ஓடியது, தரை அதிர்ந்தது, சுவர் அசையவில்லை.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. சாரல் இல்லை, கொட்டித் தீர்த்தது. மணவாளன் கறுப்புக் கோட்டைத் தலைமேல் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். பின்னாலேயே கஜபதி. கன்னியம்மா ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். வக்கீல் உட்கார்ந்து, பின்சுவரில் வசதியாகச் சாய்ந்து, கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார்.

கன்னியம்மா மிஷினை நிறுத்தினாள்.

“இன்னா வக்கீல் சார், உயுந்துடும்னு எய்திக் குட்த்த சொவராச்சே, அதுலயே சாஞ்சிகினு கீற? தலைல உயுந்தா நாங்கதான கோர்ட்டுக்கு வர்ணும்?”

காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். கஜபதி மழையைப் பார்த்தார். வனஜா மட்டும் சிரிக்காமல் எழுதினாள்: ‘மனுதாரரும் அவருடைய வக்கீலும் மழை நிற்கும்வரை மேற்படி கட்டடத்தினுள் தங்கினர். வக்கீல் பின்சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார்.’

அறிக்கையைக் கோர்ட்டில் படித்தபோது, உயிரைப் பணயம் வைத்து உள்ளே போனதாக மணவாளன் வாதாடினார். நீதிபதி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மனுவைத் தள்ளுபடி செய்தார்.

கோர்ட் வாசலில் கஜபதி வாய்க்கு வந்தபடி திட்டினார். மணவாளன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தவில்லை.

“இது போனா போவுது. அடுத்து, சொந்த உபயோகம்னு போடுவோம். உங்க பையன் அங்க ஹார்டுவேர் கடை வைக்கப்போறான்.”

“எனக்கு ரெண்டும் பொண்ணு சார்.”

“அப்போ மூத்த பொண்ணு வைக்கப்போறா.”

திட்டிய வாய் மூடுவதற்குள் கஜபதி வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார். கடைகளின் மேல் இருந்த ஆசை அவர் மூளையைத் தின்றுவிட்டிருந்தது.

மூத்த மகள் நாகவல்லி சாட்சிக் கூண்டில் ஏறினாள். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, பெண் பார்க்க வந்தவர்கள்முன் நிற்பதுபோல் நின்றாள். என்ன கடை வைக்கப்போகிறீர்கள் என்று கன்னியம்மாவின் வக்கீல் கேட்டார்.

அவள் திரும்பி அப்பாவைத் தேடினாள்.

“நைனா, இன்னா கடை?”

அந்த மனுவும் தள்ளுபடியானது.