மனைவி சமாளிப்பதாகச் சொன்னார்

இடது கால் சாக்ஸ் ஏறவே இல்லை. ஹெல்மி தரையில் முட்டி போட்டு, கணவரின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். பாதம் வீங்கிப் பளபளவென்றிருந்தது. விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்து அப்படியே நின்றது.

"விடு. செருப்போட போய்க்கலாம்" என்றார் டொய்வோ, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி. இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

"வெளியில ஐஸ் உறைஞ்சு கெடக்கு. இவரு செருப்போட போறாராம்."

பன்னிரண்டு மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மணி பதினொன்று ஆகியிருந்தது. பலவீனமான இதயம், நுரையீரலில் நீர், எழுபத்தெட்டு வயது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததில் நீர் பாதிதான் இறங்கியிருந்தது. மூன்று வாரம் மறுவாழ்வு இல்லத்தில் வைத்து, நர்ஸ் பார்வையில் மருந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வைத்துப் பிறகு வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். ஹெல்மி அதற்காகப் பெட்டிகூடக் கட்டி வைத்திருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனி முடியாது என்றுவிட்டது.

அந்தச் சேதியைக் கொண்டுவந்தவள் கொலீன். நோயாளி எத்தனை நாள் இருக்கலாம், இங்கிருந்து எங்கே போகலாம் என்பதை இன்சூரன்ஸோடு பேசி ஏற்பாடு செய்வதுதான் அவள் உத்தியோகம். சக்கரம் வைத்த மேஜையில் கம்ப்யூட்டரைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போவாள். நல்ல பெண்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"மருத்துவ ரீதியா அவசியம் இல்லன்னு சொல்றாங்க, ஹெல்மி" என்றாள்.

"யாரு சொல்றது? நம்ம டாக்டரு அவசியம்னுதானே எழுதினாரு?"

"எழுதினாரு. போன்லயும் பேசிப் பாத்தாரு. அந்தப் பக்கம் கம்பெனி டாக்டர். நாலு நிமிஷம் பேசினாங்க."

"அந்த டாக்டரு டொய்வோவைப் பாத்திருக்காரா?"

"இல்ல. சார்ட்டைப் பாத்தாரு."

"எனக்கும் காட்டு அந்தச் சார்ட்டை."

கொலீன் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரையைத் திருப்பினாள். ஹெல்மி தரையிலிருந்து எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். நோயாளி நூற்றைம்பது அடி தூரம் நடந்தார். நான்கு படிகள் ஏறி இறங்கினார். நன்றாக இருப்பதாகச் சொல்கிறார். வலி, பத்துக்கு ஒன்று.

ஹெல்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை நடந்த கூத்து அது. நடக்கவைத்துப் பார்க்க வந்த சின்னப்பெண்ணின் தாத்தாவும் டொய்வோவும் துறைமுகத்தில் ஒரே ஷிஃப்டில் இரும்புத் தாது ஏற்றினவர்கள் என்று தெரிந்ததும் மனுஷருக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வராந்தாவின் கோடி வரை போனார். பயிற்சிக்கென்று செய்து வைத்திருந்த மரப்படியில், இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்த அந்த நாலு படியில், ஏறி இறங்கியும் காட்டினார். திரும்பி வந்து சுண்ணாம்பாக வெளுத்துப்போய் விழுந்தவர் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அதை யாரும் எழுதவில்லை.

"உன்னை யாரு ஓடச் சொன்னா?" என்றாள்.

"நடக்கச் சொன்னா. நடந்தேன்."

"நாலு அடியிலேயே நின்னிருக்கலாமில்ல?"

டொய்வோ சட்டைப் பொத்தானைத் தடவினார். "பரீட்சைன்னு நெனச்சேன். பாஸ் ஆனாத்தான் அந்த இல்லத்துல சேத்துக்குவாங்கன்னு."

கொலீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

என்னத்தைச் சொல்வது. இந்த ஊர்க்காரர்களே இப்படித்தான். அமெரிக்காவின் வடக்கே, ஏரிக்கரையில் இருக்கும் இந்த டுலூத் மலைச்சரிவில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் ஃபின்லாந்துக்காரர்களிடம் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஒரு கை துண்டாகிப் போயிருந்தாலும் இன்னொன்று நன்றாக இருக்கிறது என்பார்கள். அதையும் மெனக்கெட்டு ஒருவர் கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்னொருவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து அதைப் படித்து, இந்த ஆளுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு பண்ணுகிறார்.

கடைசி வரி இன்னும் இருந்தது. மனைவி வீட்டில் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஹெல்மி அதை இரண்டு முறை படித்தாள்.

"இது நானா?"

"நேத்துக் காலையில கேட்டேனே. வீட்டுல பாத்துக்க முடியுமான்னு. சமாளிச்சுக்குவோம்னீங்க."

சொன்னாள்தான். வாயில் ரொட்டித்துண்டு இருந்தது. வாசலில் நின்று கேட்டாள் கொலீன், மேஜையை உள்ளேகூடத் தள்ளாமல். கேட்டதும் ஹெல்மி சொல்லிவிட்டாள். வேறென்ன சொல்வாள்? இங்கே காபி வேணுமா என்று கேட்டால்கூட மூன்றாவது தடவைதான் சரி என்பார்கள். கொலீன் ஒரு தடவைதான் கேட்டாள்.

"அதை அழி."

"அழிக்க முடியாது, ஹெல்மி. பதிவானது பதிவானதுதான். கீழ வேணா சேக்கலாம்." கொலீன் குரலைத் தாழ்த்தினாள். "அப்பீல் பண்ணுங்க. இந்த நம்பருக்கு இப்பவே கூப்பிடுங்க. பதில் வர்ற வரைக்கும் உங்களை வெளிய அனுப்ப முடியாது."

ஹெல்மி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். மூன்று எண்கள்கூட அழுத்தியிருக்க மாட்டாள், டொய்வோ எழுந்து நின்றுவிட்டார். ஒரு காலில் சாக்ஸ், ஒரு காலில் இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"யாரோடயும் சண்டை போட்டு நான் இங்க ஒட்டிக்கிட்டு இருக்க மாட்டேன். வா, போலாம்."

"உக்காரு மனுஷா. ரெண்டே நிமிஷம்."

"வேணாம்னு சொல்றாங்கல்ல. மானங்கெட்டுப் போய்க் கெஞ்சச் சொல்றியா?"

நாற்பத்தேழு வருஷத்தில் அந்தக் குரலை அவள் பத்துத் தடவைதான் கேட்டிருப்பாள். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்ட கையை வெட்டிப் போடலாம் என்று பிற்பாடு தோன்றியது.

தெருவிலிருந்து அவர்கள் வீட்டு வாசலுக்குப் பத்தொன்பது படி. சிமென்ட் படி, ஒரு பக்கம்தான் கைப்பிடி. பக்கத்து வீட்டு லோவெல் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தள்ள, ஹெல்மி முன்னாலிருந்து இழுக்க, ஏறி முடிக்க ஐம்பது நிமிஷம் ஆனது. ஏழாவது படியில் உட்கார்ந்தவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு, "நல்ல வெயில், இல்ல?" என்றார். லோவெல்லும் ஆமாம் என்றார். டொய்வோவின் உதடு நீலமாக இருந்தது.

மாடிக்குப் போக முடியாது, படுக்கவும் முடியாது. படுத்தால் மூச்சு முட்டியது. முன்னறை நாற்காலியில் தலையணைகளை அடுக்கி உட்கார வைத்தாள். நாலு மணிக்கு மூச்சில் கொரகொரவென்று சத்தம் வர ஆரம்பித்தது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போறேன்."

"என்னன்னு சொல்லிக் கூப்பிடுவ?" என்றார். நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது. "ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்து அனுப்பியிருக்காங்க. நாலு மணி நேரத்துல திரும்பிப் போய் நின்னா, என்ன நெனப்பாங்க?"

"என்ன வேணா நெனச்சுட்டுப் போறாங்க."

"அந்தப் படியில இன்னொரு தரம் என்னால ஆகாது, ஹெல்மி. காலையில பாப்போம்."

ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய பேப்பரில் இருந்த நம்பருக்கு அவள் கூப்பிட்டாள். மோசமானால் எமர்ஜென்சிக்கு வாருங்கள் என்று ஒரு குரல் சொன்னது. மோசம் என்றால் எது மோசம் என்று கேட்டாள். குரல் முதலில் சொன்னதையே திரும்பச் சொன்னது.

காலையில் ஏழு மணிக்கு அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டே அவள் அவரைத் திட்ட ஆரம்பித்தாள். ராத்திரி முழுக்கச் சேர்த்து வைத்திருந்தது. "எட்டு மணிக்கு நான் போன் பண்ணத்தான் போறேன். நீ என்ன வேணாலும் சொல்லிக்கோ. கெஞ்சறதாம், மானமாம். இத்தனை வருஷமா மாசாமாசம் கட்டினோமே, அது என்ன பிச்சையா? அந்தச் சின்னக்குட்டி முன்னாடி ஜம்பமா நடந்து காட்டத் தெரியுது, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல, உன் அப்பனும் அப்படித்தான்." முன்னறையிலிருந்து பதில் வரவில்லை. கோபித்துக்கொண்டால் அவர் பேசமாட்டார். அதனால் இன்னும் திட்டினாள். தட்டைக் கொண்டுபோய் முன்னால் வைத்தபோதுதான் பார்த்தாள்.

எவ்வளவு நேரமாகச் செத்தவரைத் திட்டிக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். டாக்டர் போனில் இறப்புச் சான்றிதழுக்கு ஒப்புக்கொண்டார். ஃபீனிக்ஸிலிருந்து மகன் விமானம் ஏறுகிறேன் என்று அழுதான். லோவெல்லின் மனைவி பெர்னிஸ் வந்து முட்டைச் சட்டியைக் கழுவி வைத்தாள். பத்தரை மணிக்கு இறுதிச்சடங்கு நிலையத்திலிருந்து கறுப்புக் கோட்டு போட்ட இரண்டு பேர் தள்ளுகட்டிலோடு வந்தார்கள். இரண்டு பேருமே வாட்டசாட்டமானவர்கள். மூத்தவர் வாசலுக்குப் போய்ப் படியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"மன்னிச்சுக்கணும்மா. இந்தப் படியில, ஐஸ்ல, ரெண்டு பேரால ஆகாது. இன்னும் ரெண்டு ஆளை வரச் சொல்லியிருக்கேன். அரை மணி ஆகும்."

ஹெல்மி தலையாட்டினாள்.

அப்போது போன் அடித்தது. கொலீன்.

"குட் மார்னிங், ஹெல்மி. வீட்டுக்குப் போன மறுநாள் எல்லாருக்கும் பண்ற போன்தான். ரெண்டு மூணு கேள்வி. உடம்புல நீர் கூடியிருக்கான்னு டொய்வோ இன்னிக்குக் காலையில எடை பாத்துக்கிட்டாரா?"

"இல்ல. செத்துட்டாரு."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"ஹெல்மி," என்றாள் கொலீன். "நான்... எனக்கு என்ன சொல்றதுன்னே..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அந்தச் சார்ட் முன்னாடி இருக்கா?"

"இருக்கு."

"கீழ சேக்கலாம்னியே. சேத்துடு."

"இப்ப அதெல்லாம் வேணாமே, ஹெல்மி. அப்புறமா நிதானமா..."

"நேத்தும் நிதானமாத்தான் இருந்தேன். சேத்துடு. பேஷன்ட்டோட வீட்டுக்குப் பத்தொன்பது படி. நாலு இல்ல, பத்தொன்பது. ஏற ஐம்பது நிமிஷம் ஆச்சு. ஒண்ணுமில்லன்னு நீங்க எழுதிக் குடுத்ததை நம்பி, திரும்பி வர வெக்கப்பட்டு நாற்காலியிலயே செத்தாரு. எழுதிட்டியா?"

"எழுதறேன்."

"இப்ப அவரைக் கீழ எறக்க ரெண்டு ஆம்பளைங்க வந்திருக்காங்க. முடியாதாம். இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க. மொத்தம் நாலு பேர். எனக்கு எழுபத்திரண்டு வயசு, அதையும் போடு."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"மனைவி தெரிவிக்கிறார்னு ஆரம்பிச்சிருக்கேன்" என்றாள் கொலீன் மெல்ல.

"என் பேரைப் போடு. ஹெல்மி ரௌட்டியோ. அடுத்த வரி, சமாளிச்சுக்குவோம்னு முன்னாடி சொன்னது பொய். என்னால முடியாது. அப்பவும் முடியாது."

கறுப்புக் கோட்டுக்காரர்கள் இருவரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். பெர்னிஸ் அடுப்படி வாசலில் துணியோடு நின்றாள்.

"எழுதும்மா" என்றாள் ஹெல்மி. "நீ எழுதி முடிக்கிற வரைக்கும் நான் வைக்க மாட்டேன்."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, டொய்வோவின் காலருகே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ஒவ்வோர் எழுத்தாக, தட்டும் சத்தம் வரத் தொடங்கியது.