வண்டி தூக்கிப் போடுகிறது

என் மாமனார் பிலவேந்திரன் நன்றாகக் கார் ஓட்டுவார் என்று நம்புகிறவர் காரைக்குடியில் ஒரே ஒருவர்தான். அது அவரேதான்.

இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கண்புரை ஆபரேஷன் செய்த பிறகு கண் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் கண் பார்த்ததைக் கால் கேட்டு பிரேக்கை மிதிப்பதற்குள் வேகத்தடை வந்து போய்விடும். உள்ளே இருக்கும் நாங்கள் கூரையில் தலையை இடித்துக்கொள்வோம். மாமா ரோடு போட்ட கான்ட்ராக்டரைத் திட்டுவார்.

அவரிடம் இதைச் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர் மரிய ஜெரால்டு ஓசூரில் வேலை பார்க்கிறார். மாதம் ஒருமுறை வந்தாலும் அப்பா முன்னால் நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார மாட்டார். நான் மருமகள், எனக்கென்ன வந்தது என்று இருந்தேன். மாமியார் அருளம்மாள், புருஷனிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அடுப்பைப் பார்த்துச் சொல்லியே காலத்தை ஓட்டியவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அத்தைக்கு நெற்றியில் நல்ல இடி. என்ன ஆச்சு என்று மாமா கேட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அத்தை சொன்னார்: "ஒண்ணுமில்லங்க. வண்டி தூக்கிப் போடுது."

நானும் பின்னாலிருந்து ஆமாம் போட்டேன். அந்த மாதம் வந்த ஜெரால்டும் ஆமாம் போட்டார். ஆடத் தெரியாதவள்தான் கூடம் கோணல் என்பாள். எங்கள் வீட்டிலோ பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து கூடம் கோணல் என்றோம்.

இது வெறும் விளையாட்டாகப் போயிருக்கும். ஆனால் ஈஸ்டருக்குப் பிறகு ஒக்கூரில் இருக்கும் அத்தையின் அக்கா பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்துவிட்டார். அத்தைக்குத் தாய் மாதிரி அவர். பஸ்ஸில் போனால் மாறி மாறி ஏற வேண்டும், அத்தையின் முழங்கால் அதற்கு ஒத்துழைக்காது. வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்று நான் ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வீட்டு வாசலில் கார் நிற்கும்போது வாடகைக் காரில் ஏறுவதா என்று மாமா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவருடைய காரில் அவ்வளவு தூரம் போக அத்தைக்குப் பயம். ஆக, அக்காவைப் பார்க்க முடியாமல் அத்தை வீட்டிலேயே கிடந்தார்.

நான் ஓட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். லைசென்ஸ் இருக்கிறது. தேவகோட்டையில் அப்பா வீட்டுக்குப் போனால் இன்றும் ஓட்டுவேன். ஆனால் ஒரு வண்டிக்கு ஒரு கைதான் இருக்க வேண்டும் என்பது மாமாவின் சித்தாந்தம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சாவியை நான் தொட்டதில்லை.

வண்டி தூக்கிப் போடுகிறது என்று மூன்று பேர் சொன்ன பிறகு மாமா சும்மா இருப்பாரா? ஈஸ்வரன் ஒர்க் ஷாப்புக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். ஈஸ்வரன் பானெட்டின் ஒரு மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். நல்ல வண்டி ஒருமுறை எழும்பி அப்படியே நின்றுவிடுமாம். எங்கள் வண்டி சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து அதன்மேல் புழுதி அப்பியிருந்தது. நாங்கள் சொன்ன பொய்யில் பாதி உண்மையாகிவிட்டது. எனக்கு அப்போது எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மாமா எங்களுக்குப் பாடம் நடத்தினார். குலுக்கத்தை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கிய ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இராமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். அத்தை ரசம் ஊற்றிக்கொண்டே எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார்.

இருபது வருடப் பழைய மாடல் என்பதால் எந்தக் கடையிலும் பொருள் தயாராக இல்லை. இரண்டு வகை வரவழைக்கலாம் என்றார் ஈஸ்வரன். ஒன்று வண்டியோடு வந்த மாதிரியான எண்ணெய் ஷாக். இன்னொன்று கேஸ் நிரப்பியது. விறைப்பானது, வேகமாகப் போகிறவர்கள் விரும்பி வாங்குவது. இந்த வண்டிக்குப் பழைய வகையே போதும் என்பது அவர் கருத்து. மாமா கேஸைப் பற்றி முப்பது வருடம் பாடம் எடுத்தவர், விடுவாரா? வலுவானது எதுவோ அதுவே நல்லது என்று கேஸ் ஷாக்கைத் தேர்ந்தெடுத்தார்.

மாட்டிய பிறகு வண்டி தலையாட்டுவது நின்றது. ஆனால் ரோட்டில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் உட்கார்ந்திருப்பவர் இடுப்பில் வந்து பெயர் சொல்லிவிட்டுப் போனது. அக்காவைப் பார்க்கும் ஆசையில் அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். குன்றக்குடி தாண்டுவதற்குள் மூன்று வேகத்தடை. மூன்றாவதில் அத்தை அழுதேவிட்டார். திரும்பி வந்தோம்.

அன்று அத்தை அடுப்பைப் பார்த்துச் சொன்னது எனக்குக் கேட்டது. "இனி அடக்கத்துக்குத்தான் போய் மொகத்தப் பாப்பேன் போல."

எனக்கு மாமாமேல் கோபம் கோபமாக வந்தது. அன்றே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அவர் கூடத்தில் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, தேர்ந்தெடுத்ததில் தப்புப் பண்ணிவிட்டேன் என்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

தப்பை ஒப்புக்கொள்வதில் மாமா வாத்தியார்தான். மதுரையில் சொல்லிவைத்து, அந்த மாடலுக்கே உரிய எண்ணெய் ஷாக்குகளை வரவழைத்தார். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்று இருந்தால் வண்டி இழுக்கும் என்று நான்கையும் மாற்றச் சொன்னார். ஷாக்குகளுக்கு மேலே இருக்கும் தேய்ந்த ரப்பர்களையும் விடவில்லை. வேலை முடிந்து வண்டி வந்தபோது உண்மையிலேயே ஆள் மாறியிருந்தது.

ஆனால் அத்தை ஏற மாட்டேன் என்றார். கால் வலிக்கிறது, வெயில் அடிக்கிறது என்று சாக்கு. மாமா விடவில்லை. ஒரு சோதனை செய்து பார்த்துவிடலாம், தெரிந்துவிடும் என்றார். ஓட்டுகிறவனுக்குக் கவனம் ஸ்டியரிங்கில் இருப்பதால் குலுக்கம் சரியாகத் தெரியாதாம். போன தடவை தப்பு நேர்ந்ததே அதனால்தானாம். ஆகவே அவர் பின்சீட்டில் உட்கார்ந்து கவனிப்பார், குன்றக்குடி வரை நான் ஓட்டித் திருப்பிக்கொண்டு வர வேண்டும். சாவியை என் கையில் தரும்போது கிளட்சைப் பாதியில் மிதித்துக்கொண்டே ஓட்டக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் ஓட்டுகிறேன் என்றதும் அத்தை முழங்காலை மறந்து முன்சீட்டில் ஏறிவிட்டார். ஏறியதும் பழக்க தோஷத்தில் மேலே இருக்கும் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

முதல் வேகத்தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்தேன். வண்டி ஏறி, இறங்கி, சத்தமில்லாமல் போனது. பின்னாலிருந்து மாமா, "பிரமாதம். ஒரே அமுக்குல அடங்குது பாத்தியா" என்றார். அடுத்ததிலும் ஏதோ சொன்னார். அத்தையின் கை கைப்பிடியை விட்டு மடிக்கு வந்தது. மாமாவின் பேச்சு குறைந்தது. குன்றக்குடி மலை தெரியும்போது அத்தை கண்ணாடிப் பக்கம் தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார்.

மேலே இருந்த கண்ணாடியில் பார்த்தேன். மாமா ரோட்டைப் பார்க்கவில்லை. முன்னால் குனிந்து அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிறிஸ்டி, ஒங்க அத்தை கார்ல தூங்கி நீ பாத்திருக்கியா?"

"புது ஷாக் மாமா. அதான்" என்றேன்.

ஒரு சோதனையில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் விடை எதனால் வந்தது என்று தெரியாது. இதைப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

"போன தடவை ஷாக்க மட்டும் மாத்துனேன், அழுதா. இந்தத் தடவை ஷாக்கோட ஓட்டுற ஆளையும்ல மாத்திப்புட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எத்தனை நாளாம்மா எல்லாருக்கும் தெரியும்?" என்றார்.

எனக்குப் பாவமாக இருந்தது. இத்தனை நாள் மரியாதை என்று நினைத்து நாங்கள் செய்தது அவரை எவ்வளவு சின்னவராக்கிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

குன்றக்குடி வந்தது. திருப்புவதற்காக இண்டிகேட்டரைப் போட்டேன்.

"திருப்பாதம்மா. ஒக்கூருக்கு விடு. பைய விடு, அவ தூங்கட்டும்."

அக்கா வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகுதான் அத்தை விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரிய ஒரு நிமிடம் பிடித்தது. தெரிந்ததும் திடுக்கிட்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி பின்னால் திரும்பி மாமாவைப் பார்த்தார்.

"இப்பத்தான் அருளு சரியான ஷாக் அமைஞ்சிருக்கு" என்றார் மாமா. "இனி நீ நெனச்சப்பல்லாம் வரலாம். எறங்கு, ஒங்க அக்கா தேடும்."

அத்தை என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கால் வலியோடு ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார்.

வண்டியைப் பூட்டிவிட்டு சாவியை மாமாவிடம் நீட்டினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அத்தைக்குப் பின்னால் நடந்தார்.