முதல் தண்ணீர்

தங்கை வீட்டுத் தண்ணீர் பதினொன்றே முக்காலுக்குத்தான் வந்து சேர்ந்தது. தங்கையின் கணவர் பாட்டிலை அக்காவின் ஆய்வக மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்கு ஓடினார்.

புதிதாகக் கட்டிய அடுக்குமாடி அது. சுவருக்குள் ஓடுவதெல்லாம் செப்புக் குழாய். போன மாதம் அந்தக் கட்டடத்துத் தண்ணீரைச் சோதித்து, குடிக்கத் தகுந்தது என்று கையெழுத்துப் போட்டவள் அக்காதான். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் தங்கை நான்கு மாதக் குழந்தையோடு அங்கே குடிபோனாள். இப்போது பத்து நாளாகக் குழந்தை காலைப் பாலை மட்டும் கக்குகிறது. டாக்டர் சொன்னபடி பால் மாவை மாற்றியும் நிற்கவில்லை. கழுவும் தொட்டியில் பச்சையாக ஏதோ கறை படிகிறது என்று தங்கை போகிற போக்கில் சொன்னபோதுதான் அக்காவுக்குச் செம்பின் ஞாபகம் வந்தது; ஆய்வகப் பாட்டிலைக் கொடுத்து, காலையில் தண்ணீர் பிடித்து அனுப்பச் சொன்னாள்.

குப்பியில் தண்ணீரை ஊற்றி, மருந்துப் பொடியைக் கொட்டிக் குலுக்கினாள். செம்பு இருந்தால் ஊதா ஏறும். மூன்று நிமிடம் கண் கொட்டாமல் பார்த்தாள். ஏறவில்லை. கருவி காட்டிய எண் அனுமதித்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. உடனே போனை எடுத்தாள்.

"உன் வீட்டுத் தண்ணி தங்கம்டி. எங்க லேப் தண்ணியே இவ்வளவு சுத்தமில்ல."

"இருக்காதா பின்ன? பத்து நிமிஷம் குழாயத் தொறந்துவிட்டு அப்புறம்தானே பிடிச்சேன். அழுக்குத் தண்ணியக் கொடுத்தா உனக்குத்தானே மானக்கேடு? போன மாசம் வாட்ச்மேனும் எல்லா வீட்லயும் அப்படித்தான் பிடிச்சாராம்."

அக்கா பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். இரவெல்லாம் குழாயில் தேங்கிய முதல் தண்ணீரில்தான் செம்பு இறங்கியிருக்கும். பிடிக்க வேண்டியது அதைத்தான். பாட்டில்மேலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. பொடி எழுத்தை எந்த மகராசன் படித்தான்? வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று ஒரு நினைப்பு.

"அந்த முதல் தண்ணிய என்ன பண்ணின?"

"வீணாக்குவாங்களா? எப்பவும்போல கெட்டில்ல பிடிச்சு, குட்டிக்குப் பால் கலக்கினேன். பயப்படாத, நல்லா இருபது நிமிஷம் கொதிக்க வச்சுதான்."

கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் வற்றும். செம்பு எங்கேயும் போகாது.

"இன்னைக்கும் கக்கினாளா?"

"காலையில நாலஞ்சு தடவை. அப்புறம் சத்தமே இல்லக்கா. ஆறு மணிலேர்ந்து அப்படியே தூங்குறா. இன்னைக்குத்தான் எனக்கும் கொஞ்சம் நிம்மதி."

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு.

"எழுப்பு."

"பாவம், தூங்கட்டுமே."

"எழுப்புடி!"

போனைக் கட்டிலில் வைக்கும் சத்தம் கேட்டது. "குட்டி, செல்லம், எழுந்திரும்மா" என்று தங்கை கொஞ்சினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், உரக்கக் கூப்பிட்டாள். மூன்றாம் முறை அவள் குழந்தையைக் கூப்பிடவில்லை. "அக்கா" என்றாள்.