கொண்டல் வரும் வாரம்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும், தூனிஸுக்குத் தெற்கே கடலோர ஊரான ஜர்ஜீஸின் வானொலியில் நவ்ஃபல் அந்த வாரத்து வானிலையை வாசிப்பான். இலையுதிர்காலமென்றால் கேட்கவே வேண்டாம். ஆலிவ் பறிக்கிறவனுக்கு மழை ஆகாது, வலை போடுகிறவனுக்குக் காற்று ஆகாது. இரண்டு பேரிடமும் வசவு வாங்க நவ்ஃபல் வேண்டும்.

"மழைன்னு சொன்னியேன்னு காயா பறிச்சுத் தள்ளினேன். வானம் ஒரு தும்மல்கூடப் போடல. உன் நாக்கைத்தான்டா செக்குல போட்டு ஆட்டணும்" என்பார் காப்பிக்கடையில் ஆலிவ் தோட்டக்காரர் திஜானி. நவ்ஃபலும் சிரித்துக்கொள்வான்.

மப்ரூக்கா ஒருத்திதான் மழையைக் கேட்காதவள். வாராவாரம் தொலைபேசியில் அவளுக்கு ஒரே கேள்வி. "கொண்டல் என்னிக்குப்பா?"

கொண்டல் கடலிலிருந்து கரைக்கு வீசும் கீழைக்காற்று. அது வீசும் நாளில் கடல் தன் மடியிலிருப்பதையெல்லாம் ஜர்ஜீஸ் கரையில் கொட்டிவிட்டுப் போகும். அவள் மகன் அனீஸ் போன வருஷம் இதே பருவத்தில் இத்தாலிக்குக் கள்ளப் படகேறினான். படகு போய்ச் சேரவில்லை. அவன் இடது செருப்பின் பிய்ந்த வாரை அவள்தான் வலை நூலால் தைத்துக் கொடுத்திருந்தாள். கொண்டல் நாட்களில் ஒரு கம்போடு கரை நெடுகப் போய், ஒதுங்கிய செருப்பையெல்லாம் புரட்டிப் பார்ப்பாள். புதைக்கவாவது ஏதாவது கிடைக்காதா என்றுதான். பெற்ற வயிறல்லவா.

இந்த ஞாயிறு அவளே வானொலி நிலையத்துக்கு வந்துவிட்டாள். கையில் ஒரு தட்டு நிறைய பேரீச்சம்பழம் வைத்த மக்ரூத் பலகாரம்.

"நவ்ஃபல், இந்த வாரம் கொண்டல்னு மட்டும் வாசிச்சிடாதப்பா."

தூனிஸிலிருந்து வந்த வானிலைக் காகிதம் அவன் முன்னால்தான் கிடந்தது. வியாழன், கீழைக்காற்று, பலமாக.

"ஏன் பெரியம்மா?"

"எம்புள்ள இருக்கான்டா! இத்தாலி ஜெயில்ல அவனப் பார்த்தேன்னு பக்கத்து ஊரு மெத்னீன்காரன் ஒருத்தன் சொன்னான். அதே பேரு, அதே வயசு. இந்த நேரத்துல அந்தப் பாழாப்போன காத்து எதுக்கு? நீ வாசிச்சாத்தானே வருது."

"நான் வாசிச்சாவா வருது? வாசிக்கலேன்னா படகுக்காரங்க தெரியாம கடலுக்குப் போயிடுவாங்களே."

"அவங்க காதுல மட்டும் சொல்லிடேன்."

காகிதத்தை எடுத்துக்கொண்டு வாசிக்க உட்கார்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதன் வரைக்கும் குரல் சரளமாக வந்தது. வியாழன் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டான். "கொண்டல், பலமாக" என்று சொல்லிவிட்டான். நிமிர்ந்தபோது அவள் இல்லை. தட்டு மட்டும் இருந்தது.

சொன்னபடியே வியாழனன்று கொண்டல் அடித்தது. படகுகளையெல்லாம் கரையில் ஏற்றியிருந்தார்கள். திஜானிகூட, "இன்னிக்குப் பலிச்சிடுச்சுடா உன் வாக்கு" என்றார். நவ்ஃபலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மப்ரூக்கா வராமல் இருக்க மாட்டாளா என்று வேண்டிக்கொண்டே கடற்கரைக்குப் போனான்.

வந்திருந்தாள். கையில் கம்பு இல்லை. முகத்தை ஊர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, அலை கொண்டுவந்து போட்டதையெல்லாம் குனிந்து தடவி எடுத்து, பாராமலே தலைக்கு மேலாகப் பின்னால் கடலுக்குள் எறிந்துகொண்டிருந்தாள். சட்டை, தகர டப்பா, செருப்பு. எறிந்ததெல்லாம் இரண்டு அலைக்குள் அவள் காலடிக்கே திரும்பி வந்தது.

"எங்கிட்ட கொண்டாராதே. என்னுது எதுவும் உங்கிட்ட இல்ல" என்று கடலைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அவனைக் கண்டதும் கையிலிருந்த செருப்பை நீட்டினாள். "உனக்குத்தான் வலுவிருக்கு. தூரமா வீசு. பாக்காம வீசணும், தெரியுதா?"

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாங்கினான். கண்ணை மூடலாம், விரலை எப்படி மூடுவது? ஊறிப்போன வாரின் ஓரத்தில் சொரசொரவென்று ஏதோ தட்டுப்பட்டது. நூலாகவும் இருக்கலாம், பாசியாகவும் இருக்கலாம்.

"வீசிட்டியா?" என்றாள்.

"வீசிட்டேன் பெரியம்மா."

தோள் கழன்றுவிடும்போல வீசியிருந்தான். கண்ணைத் திறந்தபோது செருப்பு அலையின் முதுகில் ஏறி, காற்று தள்ளத் தள்ள, கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.