நீலா ஏ.பி. நல்லுசாமி

எங்கள் லைன் வீட்டில் லைன் கிடைக்காது. வெளியூர்க்காரர்களுக்குக் குழப்பம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். முதல் லைன், தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்குக் கொடுத்திருக்கும் வரிசை வீடு. இரண்டாவது லைன், கைப்பேசிக்கு வேண்டியது. அது கிடைக்க வேண்டுமானால் வீட்டுக்குப் பின்னால், மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரை ஏற வேண்டும்.

என் மகள் தாரணிக்குப் பதினேழு வயது. கடைக்குப் போய் முட்டை வாங்கி வரச் சொன்னால் அவளுக்குக் கால் வலிக்கும். தொட்டிக்கு மட்டும் தினம் இரண்டு தடவை ஏறுவாள், மழை பெய்தால் குடையோடு. போன மாதம் மூன்று நாள் லைன் செத்துப்போனபோது சரியாகச் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. நாலாம் நாள் லைன் வந்தது. பிள்ளை எழுந்து இரண்டு தட்டு மீகோரெங் சாப்பிட்டது.

அப்படி அங்கே என்னதான் இருக்கிறது? என் கணவர் யோகேந்திரன் தோட்டத்து லோரி ஓட்டுகிறார். அவரிடம் கேட்டால், பையன் விவகாரமாக இருக்கும், போனைப் பிடுங்கி வை என்றார். பிடுங்குவதில் எனக்கு இஷ்டமில்லை. பிடுங்கினால் அவள் வாயைத் திறக்கமாட்டாள், எனக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும். எனக்குத் தெரிந்தாக வேண்டும். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்று தெரியாமல் தூங்க முடியாதவள் நான். சொந்த மகள் விஷயத்தில் சும்மா இருப்பேனா?

என்னோடு கொழுந்து வெட்டும் சாந்தினி சின்ன வயது, இதிலெல்லாம் கெட்டிக்காரி. காலையில் பசியாறும் நேரத்தில் அவளைத் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன். என் கைப்பேசியில் இன்ஸ்டாவை இறக்கித் தந்தாள். சொந்தப் பெயர் வேண்டாம்க்கா, வேறு ஏதாவது போடுங்கள் என்று சொல்லிவிட்டு ரொட்டி தின்னப் போய்விட்டாள். நீலா என்று போட்டேன். எனக்கு இந்தப் பெயரை வைத்திருக்கக் கூடாதா என்று சின்ன வயதில் ஏங்கிய பெயர் அது. கிளினிக்கிலும் பள்ளிக்கூடத்திலும் நீட்டுகிற விண்ணப்பப் பாரத்தை நிரப்புவதுபோல மிச்சத்தையும் நிரப்பினேன். முகத்துக்குப் பதிலாக ஒரு ரோஜாப்பூ.

எங்கள் மலையின் பெயரைப் போட்டுத் தேடினேன், அவள் முகமே வந்து நின்றது. பையனும் இல்லை, ஒன்றும் இல்லை. அங்கே என் மகள் பெயர் ‘தாரா கேஎல்’. கோலாலம்பூரிலிருந்து கேமரன் மலைக்கு லீவுக்கு வந்திருக்கும் பெண்ணாம். வெள்ளைத் தொப்பி, கையில் ஸ்ட்ராபெரி, பின்னால் பனி இறங்கும் மலை. எந்த ஹோட்டலில் தங்கியிருக்கிறாய் என்று ஒருத்தி கேட்டதற்கு, ‘சீக்ரெட் லா’ என்று பதில் எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த சீக்ரெட் ஹோட்டலில் கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைப்பது நான்தான். எட்டு மாதமாக ஒரு பெண்ணுக்கு லீவே முடியவில்லையே என்று அவளைப் பின்தொடரும் மூவாயிரம் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நானும் தினம் ஏற ஆரம்பித்தேன். சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொன்னாரா என்று கங்காணி கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் படம் வந்தது. தாரணி வெள்ளைக் கவுனில் சிரிக்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால், மூன்று வரிசை தள்ளி, மஞ்சள் மழைக்கோட்டு போட்ட பொம்பளை ஒருத்தி குனிந்து கத்திரியால் கொழுந்து வெட்டுகிறாள். கோட்டின் முதுகில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது. முள்ளில் மாட்டிக் கிழிந்த அந்தக் கோட்டுக்கு டேப் ஒட்டித் தந்ததே தாரணிதான்.

‘பின்னாடி இருக்கற ஆண்ட்டி ரொம்ப கியூட்’ என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். என் மகள் அதற்கு ஒரு இதயம் போட்டிருந்தாள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

பொய் ஊரும் பொய் ஹோட்டலும் எனக்கு வேடிக்கையாக இருந்தன. இது வேடிக்கையாக இல்லை. தொட்டியில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீலாவாக ஒரு கேள்வி எழுதினேன்: ‘அந்த மஞ்சக் கோட்டு அம்மா யாரு?’

என்னை அம்மா என்று சொல்வாளா, தெரியாத பொம்பளை என்று விடுவாளா? எனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். வீட்டில் நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் வீட்டில் சொல்வது எனக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த மூவாயிரம் பேருக்கு முன்னால் என்ன சொல்வாள் என்பதுதான் வேண்டியிருந்தது.

புதன்கிழமை பதில் இல்லை. விடியும் முன்னே, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிற வழியில் ஏறினேன், பசியாறாமல் ஏறினேன், சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டு ஏறினேன். வீட்டில் இப்போது இரண்டு பைத்தியம் என்று யோகேந்திரன் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்தது, ஆனாலும் வியாழக்கிழமையும் ஏறினேன். பதில் வந்திருக்குமோ வந்திருக்குமோ என்று கை தானாகப் பைக்குள் போனது. சாப்பாடு இறங்கவில்லை. லைன் செத்த மூன்று நாளும் அவள் ஏன் அப்படிக் கிடந்தாள் என்று அப்போது புரிந்தது.

வியாழன் சாயங்காலம் தாரணி தொட்டியிலிருந்து இறங்கி வந்தாள். ஈரத் தலையோடு சாப்பிட உட்கார்ந்தவள், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, தாத்தா பேரு நல்லுசாமிதானே?”

“ஆமா. இப்ப அதுக்கென்ன?”

“சும்மாதான் லா. அவருக்கு நீங்க ஒரே பொண்ணுதானே?”

ஆமாம் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தாள். இறந்துபோன மனுஷனை இந்தப் பிள்ளை எதற்கு விசாரிக்கிறது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் காலையில் தொட்டியில் நின்று திறந்தேன். என் கேள்வி இருந்தது. அதன் தலையில், பதிலையே தேடியதில் இதுவரை என் கண்ணில் படாத என் பெயரும் முழுசாக இருந்தது: நீலா ஏ.பி. நல்லுசாமி. இந்த நாட்டில் பிறந்த நாள் முதல் எந்தப் பாரத்திலும் பெண்ணின் பெயருக்குப் பின்னால் ஏ.பி. போட்டு அப்பா பெயரை எழுதுவோம், இன்னாரின் மகள் என்று அர்த்தம். பெயரை மறைத்த கெட்டிக்காரி, அப்பாவை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

‘தாரா கேஎல்’ காணாமல் போயிருந்தாள். அந்த இடத்தில் வெறும் ‘தாரணி’ என்று இருந்தது. கீழே பதில்:

‘அவங்க குமுதா ஏ.பி. நல்லுசாமி. எங்கம்மா. அப்போ நீங்க எனக்குச் சின்னம்மா ஆகணும். அம்மாவப் பாத்தா சொல்லுங்க, கோட்டுல டேப்பு பிஞ்சிருக்கு. சாயந்தரம் ஒட்டித் தரேன்னு.’

கையை முதுகுக்குப் பின்னால் வளைத்துத் தடவிப் பார்த்தேன். பிய்ந்துதான் இருந்தது.

‘சொல்றேன்’ என்று நீலா எழுதினாள்.