தாய்வீட்டு வண்டி

கரடிக்கல் எஸ்டேட் துரையைப் போலத் தருமவான் நீலகிரி மலையிலேயே கிடையாது என்று குன்னூர்ச் சந்தையில் ஒரு பேச்சு உண்டு. அப்படிப் பேசினவர்கள் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும், வேறென்ன சொல்ல! கொழுந்து பறிக்கிற பெண் யாராயிருந்தாலும் ஏழாம் மாதத்தில் எஸ்டேட் செலவில் வளைகாப்பு. கை நிறையக் கண்ணாடி வளையல், ஒரு சேலை, கட்டுச்சோறு. மறுநாள் காலையில் கீழ்நாட்டுக்குக் கொண்டுபோய் விட ஒரு மாட்டுவண்டி. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊர்வழக்கம். இந்த எஸ்டேட்டில் நாலாம் பிரசவத்துக்கும் தாய்வீடுதான். வரிசை வரிசையாய்க் கட்டின லைன் வீடுகளில் குடியிருந்த கூலிச் சனங்கள் துரை பங்களா இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

விஷயம் என்னவென்றால், பிரசவத்தில் எத்தனை பெண்கள் சாகிறார்கள் என்று தோட்டம் தோட்டமாகச் சர்க்கார் கணக்குக் கேட்க ஆரம்பித்திருந்தது. கரடிக்கல்லில் ஒருத்திகூடச் சாகவில்லை. எப்படிச் சாவாள்? பிழைத்தவள் பிள்ளையோடு மலையேறி வந்தாள். பிழைக்காதவள் வரவில்லை, அவ்வளவுதான்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த பாப்பம்மாள் அதையெல்லாம் விதி என்றுதான் நினைத்திருந்தாள். புருஷன் இல்லாதவள் ஆதலால் வளைகாப்பில் அவள் வளையலைத் தொடுவதில்லை. சமையல் கொட்டகையில் புளிச்சோறு கிளறுவதோடு சரி. சொந்த மகள் மரகதத்தின் வளைகாப்பிலும் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தாள்.  மகளின் கை வீங்கி வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை. காலை அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. தலை பிளக்கிறது, கண் மங்குகிறது என்றாள் பெண். இந்த மாதிரி வீங்கினவர்களைக் கட்டிலில் போட்டு, குன்னூர் டாக்டரை வரவழைத்துப் பிழைக்க வைத்ததைப் பாப்பம்மாளே பார்த்திருக்கிறாள். ஆனால் அதெல்லாம் சர்க்கார் கணக்குக் கேட்பதற்கு முன்னால்.

டாக்டர் இல்லாத அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர் தேவநேசனிடம் ஓடினாள்.

"ஏனுங்க சார், மூணு கட்டலு சும்மாதான கெடக்குது. எம்புள்ளைய ஒண்ணுல படுக்க வெச்சுக்கோங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நாளைக்கு வண்டி வருதில்ல பாப்பம்மா? தாய்வீட்டுக்கு அனுப்பு."

"நாந்தானுங்க தாயி! எம்பட ஊடு இதா, மூணாம் லைன்ல இருக்குது. கட்டிக் குடுத்ததும் பக்கத்து லைன்லதான். அவ எந்தத் தாய்வீட்டுக்குப் போவா?"

 தேவநேசன் பாவம், கெட்டவன் இல்லை. ஆனால் கெட்டவன் செய்கிற வேலையையெல்லாம் செய்கிற நல்லவன். எழுந்து ஆபீசுக்குப் போனான். திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன் பேரை வெட்டியாச்சு பாப்பம்மா. இனி உனக்கு இங்க வேலையுமில்ல, வீடுமில்ல. உன் சொந்த ஊர் கீழே சிறுமுகைதானே? மகளைக் கூட்டிக்கிட்டு நீயும் வண்டியில ஏறு. தாய் எங்கே இருக்காளோ அதானே தாய்வீடு."

அடப்பாவிகளா! தாய்வீடு இல்லாதவளுக்கு ஒரே நாளில் தாய்வீடு உண்டாக்கிக் கொடுத்தார்கள்.

வண்டி பாதி மலையில் பர்லியாற்றைக்கூடத் தாண்டவில்லை. வண்டிக்குள்ளேயே மரகதத்துக்கு வலிப்பு கண்டது. பல் கிட்டி, கண் செருகி, மடியிலேயே அடங்கிப்போனாள். மூட்டை முடிச்சோடு பின்னால் நடந்து வந்த புருஷன்காரன் எட்டிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆற்றோரத்தில் குழி வெட்டினார்கள். அவள் செத்தது மேலும் இல்லை, கீழும் இல்லை, நடுவழி. நடுவழிச் சாவை யார் எழுதுவார்கள்?

பாப்பம்மாள் சிறுமுகைக்குப் போகவில்லை. மகள் கிடக்கிற இடத்தை விட்டு எங்கே போவது? அங்கேயே ரோட்டு வேலைக்குச் சல்லி உடைக்கச் சேர்ந்துகொண்டாள். தாய்வீட்டு வண்டிகள் அவளைத் தாண்டித்தான் இறங்கின. வளையல் சத்தம் கேட்டால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள்.

மறு வருஷம் வைகாசியில் ஒரு மோட்டார் மலையேறியது. பாலத்தருகே தண்ணீர் ஊற்ற நின்றபோது டிரைவர் சொன்னான்: "பட்டணத்து டாக்டரம்மா. தோட்டந்தோட்டமாப் போயி, பிரசவத்துல செத்த பொம்பளைங்களை எண்ணறாங்க. இன்னைக்கும் நாளைக்கும் கரடிக்கல்லுல."

பாப்பம்மாள் மலைப்பாதையைப் பார்த்தாள். எண்ணுகிறவள் மேலே போகிறாள் என்றால், எண்ணக்கூடாதவள் கீழே வந்தாக வேண்டுமே!

உச்சிப்பொழுதில் வந்தது வண்டி. உள்ளே, கரடிக்கல்லில் கொழுந்து பறிக்கிற சாந்தாமணி. மாமியார் பங்கஜம் பக்கத்தில். புருஷன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். பெண்ணின் முகம் பூசணிக்காயாய் வீங்கியிருந்தது.

"திருப்புங்க வண்டிய! டாக்டரம்மா அங்க இருக்கறாங்க. இவ கீழ போய்ச் சேர மாட்டா," என்று மாட்டை மறித்தாள் பாப்பம்மாள்.

"வேலையப் பாத்துட்டுப் போ. துரை குடுத்த வண்டி, துரை சொன்ன நாளு," என்றாள் பங்கஜம்.

வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? பாப்பம்மாள் சாந்தாமணியின் கையை இழுத்து வண்டிச் சட்டத்தின் மேல் வைத்தாள். கைச் சுத்தியலால் ஒரே தட்டு. வளையல்கள் பொலபொலவென்று கொட்டின.

பங்கஜம் போட்ட கூச்சல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. தாலியறுத்தவள், மாசமாயிருக்கிறவள் வளையலை உடைத்துவிட்டாள்! இந்தச் சகுனத்துக்குப் பிறகு எந்தக் குடும்பம் அடுத்த அடி முன்னால் வைக்கும்? புருஷன் பாப்பம்மாளை ஓங்கி ஓர் அறை அறைந்தான். பிறகு வண்டியைத் திருப்பினான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்கு வேண்டியது அதுதான்.

பத்து நாள் கழித்துப் பங்கஜம் கீழே வந்தாள். பாப்பம்மாள் எதிரில் நின்று, இரண்டு கையாலும் மண்ணை வாரி இறைத்தாள்.

"நாசமாப் போறவளே! ஆம்பளப் புள்ள. செத்துப் பொறந்துச்சுடி! நீ வளையல ஒடச்சதுலதான் போச்சு. நீ நல்லாருப்பியா?"

பாப்பம்மாள் தலைமேல் விழுந்த மண்ணைத் தட்டிவிடவில்லை.

"சாந்தாமணி?"

"அவ இருக்கறா. டாக்டரம்மா ராத்திரி பூராப் பக்கத்துலயே உக்காந்து வைத்தியம் பாத்தாங்க. துரைக்குக் கை குடுத்துட்டுப் போனாங்களாம். இத்தன வருசத்துல பிரசவத்துல ஒரு பொம்பள கூடச் சாகாத எஸ்டேட்டு இது ஒண்ணுதான்னு எழுதிட்டாங்களாம். எம்பேரன் போனதுதான் மிச்சம்!"

அவள் திட்டித் தீர்த்துவிட்டு, காறித் துப்பிவிட்டுப் போனாள்.  பாப்பம்மாள் ஆற்றோரம் இறங்கி, புல் மண்டிக் கிடந்த மகளின் குழிமேட்டுப் பக்கத்தில் குந்தினாள். 

"கேட்டியா அம்மிணி," என்றாள், "நீ சாகலையாமா."