இருபத்துமூன்று முகூர்த்தங்கள்

கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. சேலத்துக் கல்லூரி அலுவலகத்தில் அனிதா மேடம் என் படிவத்தைத் திருப்பித் தந்தபோது ஒரு பாட்டம் சண்டை போடத் தயாராகத்தான் நின்றேன். பார்த்தால் தப்பு என்னுடையது.

நான் ரஞ்சனி, ஊர் எடப்பாடி. நாதஸ்வரத்தில் பட்டப்படிப்பு. முதல் ஆண்டு படித்த கல்லூரியில் ஆள் சேரவில்லை என்று இசைத்துறையையே மூடிவிட்டார்கள். இங்கே இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அதற்குப் பழைய கிரெடிட் முழுதும் இருக்க வேண்டும். மேடைப் பயிற்சிக்கான நான்கு மட்டும் இல்லை. அது இல்லாவிட்டால் மறுபடி முதல் ஆண்டு, உதவித்தொகையும் நின்றுவிடும். அது நின்றால் நான் தறி ஓட்டப் போக வேண்டியதுதான்.

‘மேடை நிகழ்ச்சிகள்’ என்று பழைய கல்லூரி கேட்ட இடத்தில் ‘இல்லை’ என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தேன்.

என் பழைய கல்லூரி வருகைப் பதிவைப் பார்த்த மேடம், நான் வராத நாளெல்லாம் முகூர்த்த நாளாகவே இருக்கிறதே, எங்கே போனேன் என்று கேட்டார். அண்ணனோடு கல்யாணங்களுக்கு வாசிக்கப் போனேன் என்றேன். மொத்தம் இருபத்துமூன்று.

“அப்புறம் எதுக்கும்மா இல்லைன்னு எழுதின?”

“கச்சேரின்னா சனங்க உக்காந்து கேக்கோணுமுங்க மேடம். கல்யாணத்துல யாருங்க கேக்கறாங்க? பந்திக்கு எடம் புடிக்கத்தான் ஓடறாங்க.”

“நீ வாசிக்காம தாலி கட்டிடுவாங்களா?”

அதுவும் மேடைக் கணக்கில்தான் சேருமாம். குழுத் தலைவர் கையெழுத்தோடு நாள்வாரியாகப் பட்டியல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு வா என்றார்.

குழுத் தலைவர் என் அண்ணன் தனபால்தான். முகூர்த்த நாளில் தவில், மற்ற நாளில் போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு டிரைவர். விஷயத்தைச் சொன்னதும், கல்யாணத்தில் கொட்டுவதற்கெல்லாம் மார்க் போட்டால் உங்கள் காலேஜ் உருப்பட்ட மாதிரிதான் என்று கிண்டலடித்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து அரைமணி நேரம் கத்தித் தீர்த்தேன். பிறகு இருவரும் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளையும் போனிலிருந்த வீடியோக்களையும் தேடி எடுத்துப் பட்டியல் போட்டோம். நான்கு கிரெடிட்டுக்கு முப்பது மணி நேரம் வாசித்திருந்தால் போதும். எங்களுக்கு நூறைத் தாண்டியது.

கையெழுத்துக்குக் கீழே ‘தொழில்’ என்று ஓர் இடம் இருந்தது.

“டிரைவர்னே போட்டறட்டுமா?” என்றான்.

“போடு. ரிக் வண்டிக்குத்தான் கிரெடிட் குடுப்பாங்க.”

பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். பிறகு ‘தவில் கலைஞர்’ என்று எழுதினான். நான் எட்டிப் பார்த்ததும் சட்டென்று மடித்துக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை மேடம் எல்லாவற்றையும் சரிபார்த்து முத்திரை குத்தினார். நான் இரண்டாம் ஆண்டு, உதவித்தொகையும் தொடரும். சந்தோஷம் தாங்காமல் வாசலில் நின்றே அண்ணனைக் கூப்பிட்டேன். பரவாயில்லை என்றான்.

“நா எழுதிக் குடுத்த காயிதத்த என்ன பண்ணுனாங்க?”

“ஃபைல்ல வெச்சுட்டாங்கண்ணா. ஏன்?”

“எனக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா அம்முணி” என்றான்.